யுகன் தூங்கினால் தறி நிற்கும்

எங்கள் கிணத்துமேட்டு வீதியில் தறி ஓடும்போது யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். நின்றால்தான் எல்லாருக்கும் காது வரும். அப்படித்தான் ஒரு மத்தியானம், தகரக் கூரை வெயிலில் காய்ந்து முறுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், சென்னியப்பன் முதலாளியின் நீளப் பட்டறையில் இருந்த தறி அத்தனையும் ஒரே மூச்சில் நின்றன. பல்பு எரிந்தது. ஃபேன் சுற்றியது. ஆணியில் தொங்கிய ரேடியோ சோப்பு விளம்பரம் பாடிக்கொண்டே இருந்தது. தறி மட்டும் நின்றது. ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், பார்த்துவிட்டு வெளியே வந்தார்கள், வந்து எங்கள் வரிசை வீடுகளின் வாசலைப் பார்த்தார்கள், யாரோ ஏதோ செய்துவிட்ட மாதிரி.

அதே நேரத்தில்தான் என் அக்கா நித்யகலாவின் பையன் யுகன், பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, அழாமல் கக்காமல் ஆளைப் போலத் தூங்கினான். என் தோளில் தூங்கினான். இரண்டையும் நாங்கள் சேர்த்துப் பார்க்கவில்லை. வீதி பார்த்தது.

அதற்கு முன்னால் அவன் தூங்கியதே இல்லை. குடித்த பால் கொஞ்ச நேரத்தில் தயிராகத் திரும்பி வந்தது. வாயில் வந்தது, மூக்கில் வந்தது, அக்காவின் கழுத்தில் வந்தது, என்னுடைய ஒரே நல்ல சுடிதாரிலும் வந்தது. வந்த பிறகு முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு அழுதான், அழுது விக்கினான், விக்கி மறுபடி கக்கினான், கக்கிவிட்டுப் பசிக்கிறது என்று அழுதான். வீதிக்கு ஆளுக்கொரு காரணம் இருந்தது. தூக்கும்போது சுளுக்கி உரம் விழுந்திருக்கிறது என்று, பட்டறையில் தறி ஓட்டும் வேலாத்தா அவனைச் சேலையில் போட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டினாள். எவளோ தலைக்குக் குளிக்காமல் வந்து தூக்கியிருக்கிறாள், அந்தத் தோஷம் என்றாள் இன்னொருத்தி. வயிற்றில் இருக்கும்போது அக்கா பலாப்பழம் தின்றாளே, அதுதான் என்று ஒரு பேச்சு. பலாப்பழத்தைக் கொண்டுவந்து கொடுத்ததே இவர்கள்தான். அதைச் சொன்னால் எனக்கு வாய் நீளம் என்பார்கள்.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா அவன் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எதுல படுக்க வைக்கறீங்க?"

"தூளியிலங்க" என்றாள் அக்கா.

"பால் குடிச்ச உடனேயா?"

"அழுவறானுங்களே. அதான் உடனே."

"தூளி எங்க கட்டியிருக்கு?"

"பட்டறையிலங்க. தறிக்கு நடுவுல."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எங்கள் வீதியில் எல்லாக் குழந்தையும் அங்கேதான் தூங்கும். உத்தரத்தில் சேலையைக் கட்டி, தறிச் சத்தத்துக்கு நடுவில் தொங்கவிட்டால் குழந்தை சொக்கிப்போகும். கரண்டு போனால்தான் அலறும். அப்படித் தூங்காத குழந்தையை நாங்கள் பார்த்ததில்லை. அதனால் யுகன் அழ அழ அவனை இன்னும் உள்ளே, இன்னும் சத்தத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கட்டினோம். அவன் மடித்த துண்டு மாதிரி வளைந்து கிடக்க, வயிற்றில் இருந்த பால் புளிப்போடு நெஞ்சுக்கு ஏறியிருக்கிறது. சாப்பாட்டுக் குழாயின் அடிமூடி இன்னும் இறுகவில்லை, வளர வளரச் சரியாகும், அதுவரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கொடுங்கள், ஏப்பம் வரும்வரை முதுகைத் தட்டுங்கள், குடித்ததும் நிமிர்த்தித் தோளில் வைத்திருங்கள், நன்றாகத் தூங்கியபிறகு தட்டையான பாயில் மல்லாக்கக் கிடத்துங்கள், வேறு எதையும் வாயில் ஊற்றாதீர்கள் என்றார். அவ்வளவுதான். பலாப்பழத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வந்த அன்றைக்கே நான் அவனை நிமிர்த்தித் தோளில் போட்டேன். ஏப்பம் விட்டான். தூங்கினான். எதிரே பட்டறை நின்றது.

வயர்மேன் வந்தான். மீட்டரைப் பார்த்தான், கம்பத்தைப் பார்த்தான், மோட்டாரைக் கழற்றி மாட்டினான், பீடி பற்றவைத்தான், எல்லாம் சரியாக இருக்கிறது, ஓடத்தான் மாட்டேன் என்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான். மறுநாளும் நின்றது. அதற்கு மறுநாளும். அப்போதுதான் ராக்கியண்ணன் எங்கள் வாசலுக்கு வந்தார். பட்டறையில் மூத்த கை அவர். அடுத்த வீட்டில் என்ன குழம்பு என்பதை மூக்கால் கண்டுபிடித்து, ஏன் அந்தக் குழம்பு என்பதை வாயால் கண்டுபிடிக்கிறவர்.

"ஏனம்மிணி, பையன் தூங்கறானா?"

"தூங்கறானுங்ண்ணா."

"எப்பத்திருந்து?"

"இப்பத்தான்."

"இப்பத்தான்னா, தறி நின்னப்பவா?"

"தறியப் பாக்கலீங்ண்ணா. பையனப் பாத்துட்டிருந்தேன்."

"ம்ம்" என்றார். அந்த ம்ம் எனக்குப் பிடிக்கவில்லை. "கொஞ்சம் எழுப்பு, பாக்கலாம்."

"உங்க வூட்டுத் தூக்கமா? அக்கட்டால போங்ண்ணா."

அவர் போகவில்லை. வாசலில் கிடந்த தண்ணீர்க் குடத்தைக் காலால் தட்டிவிட்டார், வேண்டுமென்றேதான், பிறகு அய்யய்யோ என்றார். யுகன் அலறினான். எதிரே தறி அத்தனையும் தடதடவென்று எழுந்து ஓடின. ராக்கியண்ணன் உருண்ட குடத்தை நிமிர்த்திக்கூட வைக்காமல் பட்டறைக்குத் திரும்பினார், முகத்தில் கள்ளனைப் பிடித்த சந்தோஷம்.

சாயந்திரத்துக்குள் வீதி முழுக்கத் தெரிந்துவிட்டது. ஏன் அப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் தூங்குவான் என்றுதான் கேட்டார்கள். மழை வந்தால் எத்தனை நாள் பெய்யும் என்று கேட்பதைப் போல. கோயில் பூசாரி மட்டும் ஒரு கதை கட்டிப் பார்த்தார். கேட்க ஆள் இல்லாததால் பாதியில் விட்டார். தறி நின்றால் துணி இல்லை, துணி இல்லையென்றால் கூலி இல்லை, இதற்கு மேல் என்ன கதை வேண்டும்.

அன்றிலிருந்துதான் எங்கள் வீட்டுக்குக் கிண்ணங்கள் வர ஆரம்பித்தன.

வசம்பு சுட்டு உரசிய கிண்ணம், ஓமத் தண்ணிக் கிண்ணம், விளக்கெண்ணெய்க் கிண்ணம், பிஸ்கட்டைப் பாலில் ஊறவைத்த கிண்ணம், கருப்பட்டித் தண்ணி, சர்க்கரைத் தண்ணி, ஏதோ கோயில் தீர்த்தம், எல்லாம் வந்தது, எல்லாம் பையன் நன்றாக இருக்கவேண்டும் என்றுதான் வந்தது, அவன் வாயில் ஒரு சொட்டு வைத்தால் போதும், அன்றைக்கு முழுக்கக் கக்குவான், முழித்திருப்பான், தறி ஓடும். எவள் மருந்து கொண்டுவருகிறாள், எவள் முழிக்கவைக்க வருகிறாள் என்று என்னால் பிரிக்க முடியவில்லை. இரண்டு பேரும் ஒரே கிண்ணத்தோடுதான் வந்தார்கள். ஒரே முகத்தோடுதான் கொஞ்சினார்கள்.

எனக்கு அதிகச் சந்தேகம் சம்பூர்ணம் அக்கா மேல். பக்கத்து வீடு. பட்டறையில் கதவோர வரிசைத் தறியை ஓட்டுகிறவள், தடித்த குரல், வீங்கிய கால். அவள் ஒரு நாள்கூட விடவில்லை, மோனி என்று என் பேரைச் சொல்லிக்கொண்டே வந்துவிடுவாள்.

"இந்தா மோனி, வசம்பு. நாக்குல தடவி விடு."

"டாக்டரம்மா எதையும் குடுக்கக் கூடாதுன்னிருக்காங்க."

"டாக்டரம்மா எத்தன பெத்தா?"

"அது தெரியாது. நீங்க எதுக்குத் தினமும் வாறீங்க, அதச் சொல்லுங்க."

"வாயப் பாரு. இந்த வாய்க்குத்தான் உன்னைப் பள்ளிக்கூடத்துல தொரத்துனாங்க."

"தொரத்தல. நானாத்தான் வந்தேன்."

"ஆமா, கலெக்டர் வேலைய விட்டுட்டு வந்தவ மாதிரி பேசு." கிண்ணத்தை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, தோளில் கிடந்த யுகனை எட்டிப் பார்ப்பாள். "இன்னுந் தூங்கலையா இவன்?"

அந்தக் கேள்விதான் என்னைக் குடைந்தது. தூங்கவில்லையே என்று கவலைப்பட்டுக் கேட்கிறாளா, தூங்கிவிடுவானோ என்று பயந்து கேட்கிறாளா? குரலில் ஒன்றும் தெரியவில்லை. அவள் போனதும் கிண்ணத்தைச் சாக்கடையில் ஊற்றுவேன். ஊற்றுவதை அவள் பார்ப்பாள். மறுநாள் மறுபடி கொண்டுவருவாள்.

இதற்கு நடுவில் வீதி இன்னொன்றும் பழகிக்கொண்டது. முதல் வாரத்தில் தறி நின்றால் கத்தினார்கள். அடுத்த வாரத்தில் முணுமுணுத்தார்கள். அதற்கப்புறம், நின்றதும் நூல் மூட்டைமேல் உட்கார்ந்து காலை நீட்டினார்கள், தூக்குப் போசியைத் திறந்து நிதானமாகச் சாப்பிட்டார்கள், ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கிறது என்று கண்டுபிடித்துப் பழைய சண்டைகளைப் புதிதாக ஆரம்பித்தார்கள், சிலர் ஓரமாகப் பாய் விரித்தார்கள். சம்பூர்ணம் அக்கா தறிக்கடியில் தலையைக் கொடுத்துத் தூங்குவதை நானே பார்த்தேன், காலை மூட்டைமேல் தூக்கி வைத்திருந்தாள். யுகன் முழித்தால் எழுந்து ஓட்டினார்கள். ஓட்டிக்கொண்டே அவனைத் திட்டினார்கள். திட்டியது முழித்ததற்கா, இவ்வளவு நேரம் தூங்கியதற்கா என்று அவர்களைக் கேட்டால் அவர்களுக்கே தெரியாது.

ஆனால் கிண்ணம் நிற்கவில்லை. அதோடு குடம் உருளும், ஜன்னல் பக்கம் யாராவது பெரிதாக இருமுவார்கள், பட்டாசுகூட ஒரு தடவை வெடித்தது. யுகன் பாதித் தூக்கத்தில் எழுந்து அழுவான், அழுதால் வயிறு இறுகும், இறுகினால் பால் மேலே வரும். ஊசி போட வந்த நர்சம்மா அவனை எடை போட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். ஏறவே இல்லை. "குடிக்கறது தங்கோணும், தங்குனா தூங்கோணும், தூங்குனாத்தான் ஏறும். அடுத்த தடவையும் இதே எடையின்னா ஆஸ்பத்திரியில சேத்துருங்க, மூக்குல குழா போட்டுத்தான் பால் குடுக்கோணும்" என்றார்.

அக்கா அன்றைக்கு அழவில்லை. பாயை எடுத்து வாசலுக்குக் குறுக்கே போட்டு, அதன்மேல் அரிவாள்மனையை வைத்துவிட்டு, உள்ளே போய்ப் பையனை வாங்கிக்கொண்டாள். யாரும் வரவில்லை. சம்பூர்ணம் அக்கா மட்டும் வெளியே நின்று, "அரிவாள்மனை எனக்குத்தானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கிண்ணத்தைப் பாய்க்கு இந்தப் பக்கம் எட்டி வைத்துவிட்டுப் போனாள்.

இரண்டு நாள் அவன் விட்டு விட்டு நன்றாகத் தூங்கினான். பட்டறையும் விட்டு விட்டு நன்றாக நின்றது. அதனால் முதலாளி வந்தார்.

சென்னியப்பன் முதலாளி கெட்டவர் என்று சொல்ல முடியாது. எங்கள் அக்கா வீட்டுக்காரர் பூபதி மாமா அவரிடம்தான் தறி ஓட்டுகிறார், வீடும் அவருடையதுதான். வாசலில் நின்று பையனைப் பார்த்தார், பையன் அவர் வெள்ளைச் சட்டையைப் பார்த்து ஏப்பம் விட்டான்.

"பூபதி, ஊரே சொல்லுது. நான் ஊரு சொல்றத வெச்சுப் பண்ணமாட்டேன். என்ற கண்ணால பாக்கோணும்" என்றார். "நாளைக்கு மத்தியானம் பையனப் பட்டறைக்குக் கொண்டாங்க. எல்லாரும் தறி ஓட்டட்டும். பையன் தூங்கட்டும். தறி ஓடுச்சுன்னா, ஊரு வாயை நான் அடைக்கறேன். நின்னுச்சுன்னா…"

"நின்னுச்சுன்னாங்க?" என்றார் மாமா.

"வேற எடம் பாத்துக்கோ சாமி. தறி இல்லாத ஊராப் பாரு."

தறி இல்லாத ஊரில் மாமாவுக்கு என்ன வேலை? தறி இருக்கிற ஊரில் எங்களுக்கு யார் வீடு தருவார்கள்? பக்கத்து வீதிகளுக்கெல்லாம் பையனின் பெயர் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் போனதும் நான் அக்காவிடம் சொன்னேன்: "அவனை நான் தோள்ல வெச்சிருக்கேன். கண்ணு சொக்கறப்பெல்லாம் கால்ல ஒரு கிள்ளு. ஒரு மத்தியானந்தானே?"

"தொட்டுப் பாரு. கைய ஒடிச்சிருவேன்."

"வீடு போயிரும்க்கா."

"போனாப் போவுது. அவன் தூங்கோணும்."

மறுநாள் போனோம். முதலாளி நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தறி அத்தனையும் ஓடின, பேச்சுக் கேட்கவில்லை, பஞ்சு பறந்தது, ஒவ்வொரு தறியிலும் ஒரு முகம் எங்களைத் திரும்பிப் பார்த்தது. இத்தனை நாள் கிண்ணம் தூக்கி வந்த முகங்கள், குடம் உருட்டிய முகம், இருமிய முகம். இன்றைக்கு இவர்கள் சும்மா நின்றாலே போதும், நாங்கள் போய்விடுவோம், தறி நிற்காமல் ஓடும். அக்கா மூலையில் திரும்பி உட்கார்ந்து கொஞ்சம் பால் கொடுத்தாள், கொடுத்துவிட்டு என்னிடம் நீட்டினாள். நிமிர்த்தித் தோளில் போட்டேன். தட்டினேன். ஏப்பம் வந்தது. கக்கவில்லை.

கண் சொக்கியது. கழுத்தில் அவன் மூச்சு நீளமாகிக்கொண்டே வருவது தெரிந்தது. கிள்ளலாம் என்று நினைத்தேன், அக்கா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா தன் தறிகளுக்கு நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் எதையாவது தொட்டால் முதலாளி பிடித்துக்கொள்வார். யுகனின் விரல் என் சட்டையை விட்டது. தறிச் சத்தம் கொஞ்சம் தளர்ந்தது. எனக்கு மட்டும்தான் கேட்டதா என்று பார்த்தேன். எல்லாரும் தலையைத் தூக்கியிருந்தார்கள்.

அப்போது சம்பூர்ணம் அக்கா கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். அவள் தறி நின்றது.

"என்னாச்சு?" என்று கத்தினார் முதலாளி.

"இழை அறுந்துபோச்சுங்க."

அவர் திரும்புவதற்குள் வேலாத்தாவின் தறி நின்றது. "தாருல நூல் தீந்துபோச்சு, மாத்தறேனுங்க." அதற்கடுத்தது. "நாடா எகிறிருச்சுங்க முதலாளி, கண்ணுல பட்டிருக்கும், மாரியாத்தா காப்பாத்துனா." அதற்கடுத்தது, அதற்கடுத்தது, பாவு நூல் சிக்கிவிட்டது, துணியில் எண்ணெய் பட்டுவிட்டது, ஒருத்தனுக்கு ஒன்றும் தோன்றவில்லை போல, "சும்மா நிப்பாட்டினேனுங்க, ஒண்ணுக்கு வருது" என்றான். பட்டறையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் கைப்பிடிகள் விழுந்துகொண்டே போயின. மிச்சம் ஓடியது பூபதி மாமாவின் தறிகள்தான். அவை இழுத்து இழுத்து ஓடின, நூலை இழுத்துக்கொண்டு குறுக்கே பறக்கிற நாடா நடந்து போவது மாதிரி போனது. மாமா வேர்த்து நின்றார்.

ராக்கியண்ணன் மூக்கைத் தூக்கிக்கொண்டு அங்கே போனார். "பெல்ட்டுக் கருகற வாசம் வருதுங்களே" என்று ஒவ்வொரு கைப்பிடியாக இழுத்துவிட்டார்.

முதலாளியும் மோந்து பார்த்தார். நூலில் போட்ட கஞ்சி வாசமும் யுகன் மேல் அடிக்கிற புளிச்ச பால் வாசமும்தான் வந்திருக்கும்.

யுகன் தூங்கிவிட்டான். எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. தறி தானாக நின்றிருக்குமா என்றும் சொல்ல முடியாது, நிற்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

"ஒரே நேரத்துலயா எல்லாம் கெட்டுப்போவும்?" என்றார் முதலாளி, மெதுவாக. சத்தமில்லாத பட்டறையில் அவருக்கே தன் குரல் பெரிதாகக் கேட்டிருக்கும்.

"பழைய தறிங்க" என்றார் ராக்கியண்ணன். "புதுசு வாங்கிப் போடுங்கன்னு சொன்னா எங்க கேக்கறீங்க."

யாரோ சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்கள். மெல்லிய இருமல். முதலாளி ஒவ்வொரு தறியாகப் போய்க் குனிந்து பார்த்தார். சம்பூர்ணம் அக்காவின் தறியில் நிஜமாகவே இழை அறுந்திருந்தது. ஒன்றில்லை, ஒரு கொத்து. "இழைய முடிஞ்சிட்டு ஓட்டு, நான் நின்னு பாக்கறேன்" என்றார். அவள் சரிங்க என்றாள். அவர் கொஞ்ச நேரம் நின்றார், நாற்காலியில் போய் உட்கார்ந்தார், பிறகு போனில் யாரோ கூப்பிட, கண்ணால் ஒன்றையும் பார்க்காதவராக, எங்களைப் போகச் சொல்லாதவராக, வெளியே போனார்.

அக்கா நூல் மூட்டைமேல் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனாள். மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் பையனோடு சம்பூர்ணம் அக்காவின் தறிப் பக்கம் போய் நின்றேன். அவள் ஒரு இழையை எடுத்தாள், எச்சில் தொட்டாள், முடிந்தாள். அடுத்ததை எடுத்தாள். அவசரமே படவில்லை. இவள் கைக்கு இது ஒரு நிமிஷ வேலை. கொத்து முழுக்க முடிந்தபிறகு வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தாள், என்னை ஒரு தடவை பார்த்தாள், கட்டைவிரல் நகத்தால் அதே இழைகளைச் சேர்த்து அறுத்தாள், மறுபடி முதலிலிருந்து முடிய ஆரம்பித்தாள்.

பையனுக்காகவா, அவள் காலுக்காகவா என்று கேட்டுவிடலாம் என்று வாய்வரை வந்தது. கேட்டால் அவள் சும்மா சொல்ல மாட்டாள், தடித்த குரலில் ஒரு பாட்டம் திட்டித்தான் சொல்லுவாள், அவன் முழித்துக்கொள்வான். கேட்கவில்லை.